16 கதவு, 19,215 ரூபாய்: ஒரு சமையலறைக் கணக்கு

எங்கள் வீடு ரெயின்போ நகரில். புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஒன்றே போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மழை கொஞ்சம் சேர்ந்தாற்போல் பெய்தால் தெருவும் கூடமும் ஒரே மட்டமாகிவிடும் பகுதி இது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் சமையலறையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், சிங்க் அடியில் இருந்த இரண்டு பிளைவுட் கதவுகளும் ஊறிப்போன அப்பளம் மாதிரி இதழ் இதழாகப் பிரிந்து கிடந்தன. அதே வரிசையில் இருந்த தேக்குக் கதவுகள் அப்படியே நின்றன, மேலே அடித்திருந்த பெயிண்ட் மட்டும் கொப்புளித்திருந்தது.

முதலில் ஒரு மாடுலர் கிச்சன் கடையிலிருந்து ஆள் வந்து லேசர் வைத்து அளந்துவிட்டு, "எல்லாத்தையும் கழட்டிடலாம் மேடம், 2,40,000-க்குள்ள முடிச்சிடலாம்" என்றார். இரண்டாவதாக வந்த பாலிஷ் காண்ட்ராக்டர் அளக்கவே இல்லை. கதவுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு 48,000 என்றார். கடைசியில், தேறிய பழைய அலமாரிக் கதவுகளைப் புதுப்பித்து, கெட்ட இரண்டை மட்டும் மாற்ற எனக்கு ஆனது 19,215 ரூபாய், அதுவும் நான் வீணடித்த 590 ரூபாயையும் சேர்த்து. பள்ளிக்கூட அலுவலகத்தில் 31 வருஷம் கணக்கு எழுதியவள் நான், எல்லாவற்றுக்கும் நோட்டுப் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விலைகள் எல்லாம் 2025 பிப்ரவரியில் நான் கொடுத்தவை. நீங்கள் செய்யும்போது மாறியிருக்கும். கணக்குப் போடும் விதம் மாறாது.

முதல் வேலை: கதவுகளைத் தரம் பிரிப்பது

"கிச்சனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் யாரும் பெரிய தொகையாகத்தான் சொல்வார்கள். கதவு கதவாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் கீழ் வரிசையில் 8 தேக்குக் கதவுகள், வீடு கட்டிய 1998-லேயே போட்டவை. உள்ளே தட்டு எல்லாம் கடப்பாக் கல், அதற்கு ஒரு செலவும் இல்லை. சிங்க் அடியில் 2 பிளைவுட் கதவுகள். மேலே 6 கதவுகள், பிளைவுட் மேல் மைக்கா ஒட்டியது. ஆக மொத்தம் 16 கதவுகள், அதில் மூன்று வகை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிளைவுட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால் இன்னும் உயிர் இருக்கிறது. 'மொத் மொத்' என்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. கீல் இருக்கும் இடத்தில் திருகாணியை அரைச் சுற்று இறுக்குங்கள். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் அந்தக் கதவுக்குப் பாலிஷும் வேண்டாம், மைக்காவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். மரத்தூள் பலகை, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை இரண்டும் ஒருமுறை ஊறி உப்பினால் திரும்பிப் பழைய தடிமனுக்கு வரவே வராது. அதற்கு மேல் பூசும் ஒவ்வொரு ரூபாயும் ஆற்றில் போட்டது.

தேக்கு விஷயம் வேறு. கதவின் அடிப்பக்கத்தையும் கீல் பக்கத்தையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. தரையில் மாவு போல் தூள் உதிர்ந்திருந்தால் உளுத்திருக்கிறது, மண் கோடு ஏறியிருந்தால் கரையான். அதைச் சரி செய்யாமல் பாலிஷ் போடக்கூடாது. எங்கள் எட்டும் தேறின. மேலே இருந்த ஆறு மைக்கா கதவுகளும் தட்டிப் பார்த்ததில் தேறின, நிறம் மட்டும் மஞ்சளித்து, கைப்பிடியைச் சுற்றி எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. சிங்க் அடி இரண்டும் குப்பை. இவ்வளவு பார்க்க அரை மணி நேரம்தான் ஆனது. அந்த அரை மணியில் 2,40,000 என்ற பேச்சு முடிந்துபோனது.

சதுர அடியில் எப்படி ஏமாறுகிறோம்

48,000 சொன்ன காண்ட்ராக்டரை மறுபடி கூப்பிட்டு, "சதுர அடிக்கு என்ன ரேட் தம்பி?" என்று கேட்டேன். 180 என்றார். அது அன்றைக்கு நான் விசாரித்த இடங்களில் எல்லாம் சொன்ன ரேட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "எத்தனை சதுர அடி வருது?" என்றேன். "சுமார் 260 வரும்மா. அதுக்கு 46,800. வண்டி வாடகை 1,200." சரி, ரேட் நியாயமானது. கோளாறு இருப்பது 260-இல்.

நான் டேப் எடுத்தேன். கீழ்க்கதவு ஒவ்வொன்றும் 27 அங்குலம் உயரம், 15 அங்குலம் அகலம். பெருக்கினால் 405. அதை 144-ஆல் வகுத்தால் சதுர அடி வரும்: 2.81. எட்டுக் கதவுக்கு 22.5 சதுர அடி. மேல் கதவு ஒவ்வொன்றும் 24-க்கு 16 அங்குலம், ஆறுக்கும் சேர்த்து 16 சதுர அடி. சிங்க் கதவுகள் இரண்டும் கீழ்க்கதவு அளவுதான், 5.6. எல்லாக் கதவையும் ஒரு பக்கம் அளந்தால் 44 சதுர அடி, இரண்டு பக்கமும் அளந்தால் 88. அப்படியானால் 260 எங்கிருந்து வந்தது? சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, நடுவில் இருக்கும் கல்லையும் காலி இடத்தையும் சேர்த்து அளந்து, அதை இரண்டால் பெருக்கியிருக்கிறார். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தொழிலில் பலருக்கும் அதுதான் வழக்கம். அளந்து கேட்கும் வீட்டில் அளந்து சொல்வார்கள்.

அதனால் ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே அளந்துவிடுங்கள். அப்புறம் நாலு கேள்வி கேளுங்கள். ரேட் ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கத்துக்குமா? கதவின் விளிம்புக்குத் தனிக் கணக்கு உண்டா? கதவைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு சதுர அடியா, நீளத்தை மட்டும் அளக்கும் ஓடும் அடியா? பழைய பெயிண்டை எடுப்பது இந்த ரேட்டில் அடக்கமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதைக் கேட்காமல் ஒப்புக்கொண்டால் வேலை பாதியில் இருக்கும்போது, "சுரண்ட ரெண்டு நாள் கூலி தனிம்மா" என்பார்கள். கதவுகள் கழற்றிக் கிடக்கும் நேரத்தில் நம்மால் பேரம் பேச முடியாது.

எனக்குக் கடைசியில் வேலை செய்தவர் வில்லியனூர் பக்கத்துத் தம்பி. அவரிடம் பேசியது இப்படி: வெளிப்பக்கம் 22.5 சதுர அடிக்கு 180 வீதம் 4,050. உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? சீலரும் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) ஒரே ஒரு கோட்டும் போதும் என்று 90-க்குப் பேசி 2,025. விளிம்பு இதிலேயே அடக்கம். சட்டம் 50 அடி, அடிக்கு 30 வீதம் 1,500. மொத்தம் 7,575, மெட்டீரியலோடு சேர்த்து. உள்பக்கத்தை ஒன்றும் பூசாமல் விட்டுவிடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கூடாது. ஒரு பக்கம் மட்டும் அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்து வைத்தால், மழைக்காலத்தில் ஈரம் அந்தப் பக்கமாகவே ஏறி இறங்கிக் கதவு வளையும்.

பழசை எடுப்பது: இங்கேதான் உழைப்பு, இங்கேதான் மிச்சம்

எங்கள் தேக்குக் கதவுகளுக்கு 2005-இல் சாக்லேட் நிறத்தில் எனாமல் அடித்திருந்தோம். ஏன் அடித்தோம் என்று இன்றைக்கு நினைத்தால் எனக்கே தெரியவில்லை. அப்போது அதுதான் அழகு. அதை எடுக்க இரண்டு நாள் கூலி கேட்டார்கள், நாளுக்கு 1,100. நானும் வீட்டுக்காரரும் நாலு நாளில் நாங்களே எடுத்தோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. எனவே பழைய எனாமலை உலர்ந்த உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். மிஷின் வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் நாங்கள் பெயிண்ட் ரிமூவர் பூசி, இருபது நிமிடம் விட்டு, பட்டித் தகட்டால் வழித்து, பழைய தினத்தாளில் சுருட்டி எடுத்தோம். மிச்சம் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். ரிமூவரின் நெடி தலையைச் சுற்ற வைக்கும். மொட்டைமாடியில், காற்று வரும் பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள். துணி மாஸ்க் எந்தப் புகையையும் தடுக்காது. ரப்பர் கையுறை கட்டாயம். 2 லிட்டர் ரிமூவர் 900, உப்புத்தாளும் வாட்டர் பேப்பரும் 260, கையுறை, மாஸ்க் வகையில் 180. ஆக 1,340.

உங்கள் கதவில் பெயிண்ட் இல்லை, பழைய பாலிஷ் மட்டும்தான் என்றால் அது என்ன பாலிஷ் என்று தெரிந்துகொள்வது நல்லது. உள்பக்க மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அதற்கு மசியாமல் தின்னருக்கு மசிந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைனோ பியூவோ (பாலியூரிதேன்), இரண்டும் கெட்டியாக இறுகும் பாலிஷ் வகை, அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அரக்குப் பாலிஷ் போட்ட கதவைச் சமையலறையில் மறுபடி அரக்குப் பாலிஷாலேயே புதுப்பிக்காதீர்கள். பூஜை அறைக் கதவுக்கு அதைவிட அழகு இல்லை, ஆனால் சூடான குக்கர் மூடியோ ஈரத்துணியோ பட்ட இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழும்.

பெயிண்ட் போன பிறகும் அடுப்பை ஒட்டிய இரண்டு கதவுகள் கைக்கு வழுவழு என்றே இருந்தன. இருபது வருஷத் தாளிப்பு. சலவை சோடா போட்டுக் கழுவலாம் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். தேக்குக்கு சோடா ஆகாது, மரம் கறுத்துப்போகும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொருமுறை துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, பாலிஷ் போடும் அன்றைக்கு தின்னர் தொட்ட துணியால் ஒருதடவை துடைத்தால் போதும். இந்தத் தின்னர்த் துடைப்பைச் சில ஆட்கள் நேரம் மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். எண்ணெய் எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே பாலிஷ் ஒதுங்கிக் குட்டிக் குட்டிக் குழியாக நிற்கும், மீன் கண் மாதிரி. தேக்குக்குள்ளேயே இயற்கையான எண்ணெய் உண்டு, அதற்கும் இந்தத் துடைப்புதான் மருந்து.

கழற்றும்போது ஒவ்வொரு கதவுக்கும் எண் போடுங்கள். கதவு முகத்தில் போட்டால் அழிந்துவிடும், கீல் உட்காரும் குழிக்குள் போட்டால் கடைசி வரை இருக்கும். எங்கள் தேக்குக் கதவுகளின் பித்தளைக் கீல்களைப் புளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தேய்த்தேன். புதுசு வாங்கினால் இந்தக் கனம் இப்போது கிடைக்காது. அதற்குச் செலவு ஒரு எலுமிச்சை அளவு புளி.

எப்போது போடுவது

நம் ஊரில் இதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் செய்ய வேண்டும், ஜோசியத்துக்காக இல்லை. எனக்குப் பொறுமை இல்லாமல் மார்கழியிலேயே ஒரு கதவை எடுத்து, 350 ரூபாய்க்கு மெலமைன் பாலிஷ் வாங்கி, நானே பூசிப் பார்த்தேன். சாயங்காலம் பார்த்தால் கதவு முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து, பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. கடலோரத்தில், வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும் நாட்களில், அது நடக்கத்தான் செய்யும். அந்தக் கதவை மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று.

பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். காலை ஒன்பது மணிக்கு மேல், பனி ஈரம் போன பிறகு ஆரம்பித்து, மூன்று மணிக்குள் கடைசிக் கோட்டை முடிப்பது சரி. கத்திரி வெயிலில் வேறு தொல்லை, மேல்பக்கம் சட்டென்று காய்ந்து உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். நாங்கள் தை கடைசியில் போட்டோம்.

பியூ பாலிஷ் என்பது இரண்டு டப்பா: ஒன்று பாலிஷ், மற்றது ஹார்ட்னர். கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும். அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும்தான் கலக்க வேண்டும். மெட்டீரியலோடு ரேட் பேசினால் டப்பாவை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். நேற்றுக் கலந்து மிஞ்சியதில் தின்னர் ஊற்றி நீட்டுவதை என் கண்ணால் வேறு ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். வரிசை இதுதான்: 120 எண் உப்புத்தாள், பிறகு 180. சீலர் ஒரு கோட். காய்ந்ததும் 320. பியூ முதல் கோட். 400 வைத்து லேசாகத் தேய்ப்பு. பியூ இரண்டாவது கோட். 'ஃபுல் கிளாஸ் போட்டுடலாம், கண்ணாடி மாதிரி இருக்கும்' என்று ஆசை காட்டுவார்கள். சமையலறையில் கண்ணாடி மாதிரி இருந்தால் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும். அரை மேட் போதும். விலையில் வித்தியாசம் ஒன்றும் சொல்லவில்லை.

ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குக் கெடுதல், ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கதவுகளை மாடிக்குக் கொண்டுபோய் அங்கேதான் ஸ்பிரே செய்தோம். சட்டத்தை மட்டும் வீட்டுக்குள் கையால் பூச வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் கேஸ் சிலிண்டரைப் பின்கட்டுக்கு மாற்றி, ஃபிரிட்ஜ் பிளக்கை உருவி, பூஜை விளக்கையும் அன்றைக்கு ஏற்றவில்லை. தின்னர் ஆவி ஒரு பொறிக்குத்தான் காத்திருக்கும். இரண்டு நாள் திண்ணையில் இண்டக்‌ஷன் அடுப்பு, ராத்திரி தள்ளுவண்டி இடியாப்பம்.

மைக்காவும் ஈர்க்குச்சியும்

மேல் கதவுகள் ஆறுக்கும் பெயிண்ட் அடித்தால் என்ன என்று ஆரம்பத்தில் நினைத்தேன். வீட்டில் கிடந்த கதவு ஒன்றில் 240 ரூபாய் எனாமல் வாங்கி அடித்தும் பார்த்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. பத்து நாளில் நகம் பட்ட இடத்தில் தோல் உரிந்த மாதிரி வந்தது. மைக்கா என்று நாம் பழக்கத்தில் சொல்வது அப்பிரகம் இல்லை. பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கிச் சூட்டில் அழுத்திய தகடு. எதையும் உள்ளே விடாது. பெயிண்ட் அதன் மேல் உட்கார்ந்திருக்கும், பிடித்துக்கொள்ளாது. முழுக்கச் சொரசொரப்பாக்கி, அதற்கான பிரைமர் போட்டு, பியூ பெயிண்ட் அடித்தால் நிற்கும். அந்தச் செலவைக் கணக்குப் பார்த்தால் புது மைக்காவே ஒட்டிவிடலாம்.

மைக்கா ஷீட் 8-க்கு 4 அடி. அங்குலத்தில் 96-க்கு 48. என் மூளை உடனே கணக்குப் போட்டது: 16 அங்குலக் கதவு மூன்று பக்கத்தில் பக்கம் வைத்தால் சரியாக 48, இரண்டு வரிசைக்கு 48, ஆக அரை ஷீட்டில் ஆறு கதவும் முடிந்தது! மைக்கா ஒட்ட வந்த ஆசாரியண்ணன் சிரித்துவிட்டார். "அளவா வெட்டுனா ஓரம் எப்படிம்மா சீவுறது? கால் இஞ்ச் கூட வேணும்." கால் அங்குலம் சேர்த்தால் மூன்று கதவு 48.75. ஷீட்டுக்குள் அடங்காது. மறுபடி நோட்டைப் புரட்டிக் கட்டம் போட்டேன். நீளவாக்கில் மூன்று, குறுக்கே இரண்டு என்று வைத்தால் ஆறு கதவும் 72.75-க்கு 32.5-இல் அடங்கிவிடுகிறது. குறுக்கே 15.5 அங்குலப் பட்டை ஒன்று 96 அங்குல நீளத்துக்கு மிஞ்சுகிறது. சிங்க் கதவு கால் அங்குலம் சேர்த்து 15.25-க்கு 27.25. அந்தப் பட்டையில் மூன்று வரும். நாலாவது, மூலையில் மிஞ்சிய துண்டில். இரண்டு சிங்க் கதவுக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று நாலு துண்டும் அதே ஷீட்டில் வந்துவிட்டது. மர ரேகையும் முன்பக்கக் கதவுகள் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாகவே ஓடும்படி அமைந்தது. நாலாவது துண்டில் மட்டும் ரேகை குறுக்கே ஓடுகிறது, அது கதவின் உள்பக்கம். ஆசாரியண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். இரண்டு ஷீட் வாங்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்று போதுமானது. ஒரு ஷீட் 1,900.

பசையில் ஒரு விஷயம் உண்டு. புது பிளைவுட்டில் ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போதும், பாரம் வைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். நாங்கள் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தோம். பழைய மைக்கா மேல் புது மைக்கா ஒட்ட வெள்ளைப் பசை ஆகாது. இரண்டு பக்கமும் ஈரத்தை உறிஞ்சாத பரப்பு, பசை காயவே காயாது. அதற்கு ரப்பர் பசைதான். பழைய மைக்காவை 80 எண் உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிட்டு, இரண்டு பரப்பிலும் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான், ஒரு நூல் கூட நகர்த்த முடியாது. ஆசாரியண்ணன் துடைப்பத்திலிருந்து எட்டுத் தென்னை ஈர்க்குச்சிகளை உருவினார். கதவின் மேல் வரிசையாகக் குறுக்கே பரப்பி, அதன் மேல் மைக்காவை வைத்து, ஓரங்களை நிதானமாகச் சரிபார்த்தார். அப்புறம் நடுவில் இருந்த குச்சியை உருவி அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தினார், பிறகு அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவதால் காற்று மாட்டவில்லை. ஆறு கதவிலும் ஒரு குமிழி கிடையாது.

சிங்க் அடிக்குக் கண்டிப்பாக ஐ.எஸ். 710 பிளைவுட் போடுங்கள். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கும் தரம் அது. முன்பு நாங்கள் போட்டிருந்தது எம்ஆர் தரம், ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரில் நிற்காது. முழு ஷீட் வாங்க வேண்டாம், பிளைவுட் கடைகளில் வெட்டிய துண்டு, அதாவது பிட், கிடைக்கும். 6 சதுர அடி, 130 வீதம் 780 ஆயிற்று. ஐஎஸ்ஐ முத்திரையையும் 710 எண்ணையும் பலகையிலேயே பார்த்து வாங்குங்கள். பிட்டில் முத்திரை இல்லை என்றால் அது வெட்டிய பெரிய பலகையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டுவது இங்கேயும் அவசியம், ஒரு பக்கம் மட்டும் என்றால் கதவு வில்லாக வளையும். ஓரத்துக்குப் பிவிசி பட்டி.

மைக்கா, பசை 480, ஓரப் பட்டி 220 எல்லாம் சேர்த்து 2,600. ஆசாரியண்ணன் கூலி இரண்டு நாளுக்கு 2,400.

கீல் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேல் கதவுகளின் ஆட்டோ கீல்கள் (ஸ்பிரிங் வைத்துத் தானே மூடுபவை) கடல் காற்றில் துருப்பிடித்து, கதவை மூடும்போது பூனை மாதிரி கத்திக்கொண்டிருந்தன. கதவுக்கு இரண்டு வீதம் மேலே 12, சிங்க் அடியில் 4, ஆக 16. சாதாரணக் கீல் 95, 304 தர ஸ்டெயின்லெஸ் 210. நான் 210-ஐ எடுத்தேன், 3,360. கடையில் காந்தம் வைத்து "ஒட்டலை பாருங்க, 304" என்று காட்டுவார்கள். அதைவிட மலிவான, சீக்கிரம் துருப்பிடிக்கும் 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது, அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. பெட்டியில் அச்சடித்திருப்பதையும் பில்லில் 304 என்று எழுதித் தருவதையும் பாருங்கள்.

மீதிச் செலவு ஆட்டோ 150, டீ, வடை, இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு 420. இவற்றோடு ரிமூவர் வகை 1,340, பாலிஷ் 7,575, மைக்கா 2,600, பிளைவுட் 780, கூலி 2,400, கீல் 3,360 எல்லாம் கூட்டினால் 18,625. நான் தெரியாமல் கெடுத்த மெலமைனும் எனாமலும் 590. அதுதான் 19,215. சுரண்டுகிற வேலையையும் ஆளிடம் விட்டிருந்தால் இன்னும் 2,200 கூடியிருக்கும். முழங்கால் வலி இருப்பவர்கள் அதைக் கொடுத்துவிடுவதே மேல்.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். பாலிஷ் தம்பிக்கு ஆரம்பத்தில் 2,500, சீலர் முடிந்து நான் கையால் தடவிப் பார்த்த பிறகு 3,000. மீதி 2,075 எட்டாம் நாள் என்று முதலிலேயே பேசியிருந்தேன். பியூ தொட்டால் ஒட்டாத பதத்துக்கு அன்றைக்கே வந்துவிடும், முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் கதவுகளை மாட்டி மெதுவாகத் திறந்து மூடலாம், ஈரத்துணி போடக்கூடாது, கதவு மேல் துணி தொங்கவிடக்கூடாது.

எட்டாம் நாள் தம்பி வந்தார். ஒவ்வொரு கதவின் உள் மூலையிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன், தடம் விழவில்லை. ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒரு கதவில் ஒட்டவைத்து எடுத்தேன், வெளுக்கவில்லை. டார்ச்சைக் கீழே சாய்த்து அடித்தபோது ஐந்தாம் எண் கதவின் அடி ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து உறைந்து நின்றது தெரிந்தது, மெழுகுவத்தியில் நிற்குமே அது மாதிரி. "அதை யாரும்மா குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றார். "நான் தினமும் குனிஞ்சுதான் தம்பி பருப்பு டப்பா எடுக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, 600 எண் வாட்டர் பேப்பரைக் கிண்ணத்துத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பத்து நிமிடம் தேய்த்து, துணியால் மெருகேற்றிக் கொடுத்தார். நான் உள்ளே போய் 2,075-ஐ எண்ணிக்கொண்டு வந்தேன்.